நீச்சலும் நீரச்சமும்

நீரைக் காணும்போது மனிதருக்கு ஏற்படும் உணர்வுகள் எல்லோருக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரே படித்துறையில் ஒருவர் மேற்படியிலிருந்து ஆற்றுக்குள் பாய்கிறார். இன்னொருவர் கணுக்கால் நனையும் படியிலேயே உட்கார்ந்து, சொம்பில் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்கிறார். முன்னவருக்கு நீர் விளையாட்டுத் தோழன். பின்னவருக்கு அது நம்ப முடியாத ஒன்று. இந்த வேறுபாட்டைப் பிறவிக்குணம் என்று பலர் கருதுகின்றனர். ஆனால் இது பெரும்பாலும் வளர்ப்பாலும் பழக்கத்தாலும் அனுபவத்தாலும் அமைவது. நீரிடம் நாம் கொள்ளும் அச்சமோ துணிச்சலோ அந்த நீர் உண்மையில் எவ்வளவு ஆபத்தானது என்பதைக் காட்டும் அளவுகோல் அன்று. இதை அறியாமையால் ஒவ்வோர் ஆண்டும் பல உயிர்கள் போகின்றன.

நீர் இதமளிப்பது ஏன்?

நீரில் இறங்கியதும் உடல் இலேசாவதை எல்லோரும் உணர்ந்திருப்போம். நீர் தன்னுள் அமிழ்ந்த பொருளை மேல்நோக்கித் தள்ளுகிறது. இதை மிதப்பு விசை என்கிறோம். கழுத்தளவு நீரில் நிற்பவரின் கால்கள் அவருடைய எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை மட்டுமே தாங்குகின்றன. மூட்டுவலி உள்ளவர்களும் முதியவர்களும் தரையில் செய்ய இயலாத பயிற்சிகளை நீருக்குள் எளிதாகச் செய்வது இதனால்தான்.

அடுத்தது குளிர்ச்சி. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடல் வெப்பத்தைக் கடத்துகிறது. ஆகவே கோடையில் கிணற்று நீர் சில நொடிகளில் வெம்மையைத் தணிக்கிறது. முகம் குளிர்ந்த நீரில் அமிழும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறைவதும் உடலின் இயல்பான எதிர்வினையாகும். எடை குறைதல், வெம்மை தணிதல், காதில் விழும் ஓசைகள் மங்குதல் ஆகிய எல்லாம் சேர்ந்தே நீராடும்போது மனத்துக்கு அமைதி தருகின்றன.

நீரச்சம்

நீரைக் கண்டு அளவுக்கு மீறி அஞ்சுவது நீரச்சம் எனப்படும். வெறிநாய்க்கடி நோய் முற்றியவர்கள் நீரைக் கண்டு நடுங்குவதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே நீரை விழுங்க முயலும்போது தொண்டைத் தசைகள் வலியுடன் இறுகுகின்றன. அது மூளையைத் தாக்கும் கிருமியால் வருவது. நீரச்சமோ மனத்தில் தோன்றுவது.

இதற்குரிய காரணங்கள் பல. சிறுவயதில் மூழ்கித் தப்பிய நினைவு ஒன்று. தெரிந்தவர் நீரில் இறந்ததைக் கண்டதோ கேட்டதோ மற்றொன்று. "கிணற்றடிக்குப் போகாதே, பேய் இழுத்துவிடும்" என்று வீட்டார் காட்டிய பூச்சாண்டியும் ஒரு காரணமே. அந்த எச்சரிக்கை குழந்தையைச் சில காலம் காக்கும். ஆனால் வளர்ந்த பின்னும் நீரை அறிய விடாமல் தடுத்துவிடும். நீச்சல் பழக்குவதாகச் சொல்லிக் குழந்தையைத் திடீரென்று கிணற்றில் தள்ளிவிடும் வழக்கம் நம் ஊர்களில் இருந்தது. சிலர் அப்படியே கற்றுக்கொண்டனர். சிலர் அதன்பின் கிணற்றுப் பக்கமே போகவில்லை.

அஞ்சுபவரின் உடலில் நடப்பதைக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். நெஞ்சு படபடக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, கைகள் உயர்கின்றன, தலை மேலே நிமிர்கிறது. இவை நான்கும் நீரில் மிதப்பதற்கு எதிரானவை. நுரையீரலில் காற்று நிறைந்திருக்கும்போது பெரும்பாலோரின் உடல் நீரைவிடச் சற்று இலேசானது, எனவே மிதக்கும். தலையையும் கைகளையும் நீருக்கு மேலே தூக்கினால், அவற்றின் எடையை நீர் தாங்காது. அந்தப் பாரம் மற்ற உடலைக் கீழே அழுத்தும். அதாவது, மூழ்கிவிடுவோம் என்ற அச்சம் எதைச் செய்யத் தூண்டுகிறதோ அதுவே மூழ்கச் செய்கிறது.

தமிழர் வாழ்வில் நீராடல்

சங்க காலத்தில் புனலாடல் ஒரு விழாவாகவே இருந்தது. வையையில் புதுவெள்ளம் வந்தபோது மதுரை மக்கள் ஆடவரும் மகளிருமாகத் திரண்டு நீராடியதைப் பரிபாடல் விரிவாகக் காட்டுகிறது. புறநானூற்றின் 243ஆம் பாடலில், கோலூன்றி நடக்கும் முதியவர் ஒருவர் தம் இளமையை எண்ணிப் பார்க்கிறார். நீரின்மேல் சாய்ந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நிற்போர் வியக்க ஆழமான மடுவில் குதித்து, அடிமணலை அள்ளி வந்த நாள்களை அவர் நினைவுகூர்கிறார். குளத்தில் மகளிரோடு கைகோத்து ஆடியதும் அவர் நினைவில் இருக்கிறது.

அதே இலக்கிய மரபு நீரின் மறுபக்கத்தையும் மறைக்கவில்லை. காவிரிப் புனல் ஆட்டனத்தியை அடித்துச் சென்றதும், அவன் மனைவி ஆதிமந்தி அவனைத் தேடி அலைந்ததும் சிலப்பதிகாரத்தில் சொல்லப்படுகின்றன. ஆடிப்பெருக்கு நாளில் காவிரியை வணங்கும் வழக்கத்திலும் நன்றியும் அச்சமும் சேர்ந்தே இருக்கின்றன.

பாசனக் கிணறுகளும் ஊர்க் குளங்களும் நிறைந்திருந்த காலத்தில் நீச்சல் கற்க யாரும் கட்டணம் கட்டவில்லை. காய்ந்த சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டிக்கொண்டு அண்ணனோ மாமாவோ உடன் வர, சிறுவர்கள் கிணற்றில் இறங்கினர். பின்னர் அந்த இடத்தை லாரி டியூபும் மூடிய பிளாஸ்டிக் கேனும் பிடித்தன. இப்போது பல கிணறுகள் வற்றிவிட்டன. குளங்கள் சுருங்கிவிட்டன. நகரப் பிள்ளைகளுக்குக் கட்டணம் வாங்கும் நீச்சல்குளமே எஞ்சியுள்ளது. இதனால் நீரோடு பழகும் வாய்ப்பு குறைந்தது. ஆனால் மழைக்காலத்தில் நிரம்பும் ஏரியும் விடுமுறையில் செல்லும் கடற்கரையும் அருவியும் அப்படியே இருக்கின்றன.

யாருக்குக் கற்பிக்கப்படுகிறது?

ஒரே வீட்டில் மகனுக்கு நீச்சல் தெரியும், மகளுக்குத் தெரியாது. இது நம்மிடையே இயல்பாக ஏற்கப்பட்ட நிலை. உடை, கூச்சம், ஊரார் பேச்சு எனப் பருவமடைந்த பெண்ணை நீரிலிருந்து விலக்கப் பல காரணங்கள் சொல்லப்பட்டன. பெண்களுக்கு நீரச்சம் இயற்கையானது என்று பின்னர் அதற்கு விளக்கமும் தரப்பட்டது.

இந்த விளக்கம் தவறு என்பதற்குச் சான்று மன்னார் வளைகுடாவிலேயே இருக்கிறது. பாம்பன், இராமேசுவரம் பகுதிப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கின்றனர். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி அணிந்து, மூச்சை அடக்கிப் பாறை இடுக்குகளில் பாசி பறிக்கின்றனர். தென்கொரியாவின் ஜேஜு தீவில் ஹென்யோ எனப்படும் பெண்கள் காற்றுக் குழாய் இன்றி மூழ்கிச் சிப்பி, சங்கு எடுக்கின்றனர். முதிய வயதிலும் இத்தொழிலைத் தொடர்வோர் அவர்களில் பலர். இந்த மரபை 2016இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

கற்பிக்காததன் விலை 2004 டிசம்பர் 26 அன்று தெரிந்தது. ஆழிப்பேரலைக்குப் பின் ஆக்ஸ்பாம் அமைப்பு வெளியிட்ட அறிக்கை, கடலூர் மாவட்டத்தில் 391 பெண்களும் 146 ஆண்களும் இறந்ததாகக் குறிப்பிட்டது. பெண்கள் கரையில் மீனுக்காகக் காத்திருந்ததும், வீட்டில் குழந்தைகளோடு இருந்ததும், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்ததும் முக்கியக் காரணங்கள். இலங்கையில் நீந்தவும் மரமேறவும் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே கற்பிக்கப்பட்டதையும் அவ்வறிக்கை சுட்டியது. அந்த அலையை நீச்சலால் மட்டும் வென்றிருக்க முடியாது. ஆயினும் நீரில் சிறிது நேரம் தலை தாழாமல் இருக்கத் தெரிந்திருப்பதே சிலருக்கு உயிராக அமைந்திருக்கும்.

துணிச்சலும் ஏமாற்றும்

அச்சம் ஒருவரை நீரிலிருந்து விலக்குகிறது. மிகைத் துணிச்சல் ஆழத்துக்கு இழுத்துச் செல்கிறது. "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்ற பழமொழி நீச்சல் தெரியாதவர்களுக்கு மட்டும் உரியதன்று. கிணற்றில் நன்றாக நீந்தும் இளைஞர் ஆற்றின் இழுப்பை அறியாதவராக இருக்கலாம். ஆற்றில் பழகியவர் கடல் அலையை அறியாதவராக இருக்கலாம். மணல் அள்ளிய ஆற்றில் முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியே பள்ளமாக இருக்கும். கைவிடப்பட்ட கல்குவாரியில் ஏறி வரக் கரையே இருக்காது. கடற்கரையில் அலை சற்று ஓய்ந்து அமைதியாகத் தோன்றும் இடமே சில வேளைகளில் கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் உள்ள இடமாக இருக்கும்.

பெரும் நீச்சல் வீரர்களையும் கடல் விட்டுவைத்ததில்லை. வல்வெட்டித்துறையைச் சேர்ந்த ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையை இருவழியும் நீந்திக் கடந்தவர். அவர் 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிரிழந்தார்.

உலக நலவாழ்வு அமைப்பின் கணக்குப்படி 2021இல் உலகெங்கும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை. இந்த இழப்புகளைத் தடுக்கும் நோக்கில் ஐக்கிய நாடுகள் அவை ஜூலை 25ஐ உலக நீரில் மூழ்கல் தடுப்பு நாளாக அறிவித்துள்ளது. ஆசிரியராகப் பணியாற்றியவர்களுக்கு இந்த எண்கள் வெறும் எண்கள் அல்ல. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில், வருகைப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு நேரே கோடு போட வேண்டிய நிலை எனக்கும் ஒருமுறை வந்தது. அந்த மாணவனுக்கு நீச்சல் தெரியும் என்றுதான் வகுப்பில் எல்லோரும் சொன்னார்கள்.

அச்சத்தை அறிவாக்கும் முறை

நீரோடு இணக்கம் என்பது கற்கத்தக்கது. அந்தமான் கடற்பகுதியில் வாழும் மோக்கன் இனக் குழந்தைகள் நீருக்குள் கண்ணாடி இன்றித் தெளிவாகப் பார்ப்பதை அன்னா கிஸ்லேன் என்னும் சுவீடன் ஆய்வாளர் 2003இல் வெளியிட்டார். பிறவித் திறன் போலத் தோன்றிய இதை ஐரோப்பியக் குழந்தைகளும் பயிற்சியால் பெற முடிந்ததைப் பின்னர் அவர் குழுவினர் காட்டினர்.

நீரச்சம் உள்ளவர்களுக்கு உளவியலாளர் பரிந்துரைப்பது படிப்படியாக எதிர்கொள்ளும் முறை. ஒரு படி முழுதும் பழகிய பின்னரே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும். நீச்சல் கற்கும் வரிசையும் அதுவே:

1. இடுப்பளவு நீரில் நின்று, நடந்து பழகுதல்.
2. முகத்தை நீரில் நனைத்து, மூச்சை நீருக்குள் விட்டுக் குமிழி எழுப்புதல்.
3. சுவரையோ படியையோ பிடித்துக்கொண்டு காலடித்தல்.
4. பழக்குபவரின் கை முதுகைத் தாங்க, மல்லாந்து மிதத்தல்.
5. தாங்கும் கை விலகிய பின்னும் மிதந்து நிற்றல்.
6. அதன்பின் கைவீசி நீந்துதல்.

பலர் ஆறாவது படியையே நீச்சல் என்று எண்ணி அவசரப்படுகின்றனர். உயிர் காப்பது நான்காவதும் ஐந்தாவதும் ஆகும். களைத்தவரும் நீரோட்டத்தில் சிக்கியவரும் மல்லாந்து மிதந்தால் மூச்சு வாங்கலாம். கடலுக்குள் இழுக்கும் ஓட்டத்தில் அகப்பட்டால் அதை எதிர்த்துக் கரை நோக்கி நீந்தக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, ஓட்டத்திலிருந்து விலகிய பின் கரை திரும்ப வேண்டும்.

மூழ்குபவரைக் காத்தல்

மூழ்குபவர் கையசைத்துக் கூவுவார் என்பது திரைப்படம் தந்த எண்ணம். அமெரிக்க உயிர்காப்பாளர் பிரான்செஸ்கோ பியா விளக்கியபடி, உண்மையில் மூழ்குபவர் பெரும்பாலும் ஓசை எழுப்புவதில்லை. மூச்சு வாங்கவே நேரம் போதாதபோது கூவ முடியாது. உடல் செங்குத்தாக நிற்கும். வாய் நீர்மட்டத்தில் அமிழ்ந்து எழும். கைகள் பக்கவாட்டில் நீரை அழுத்தும். இந்நிலை 20 முதல் 60 நொடிகள் வரையே நீடிக்கும். எனவே குழந்தைகள் நீரில் இருக்கும்போது சத்தம் கேட்டால் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. கண் அவர்கள் மேலேயே இருக்க வேண்டும்.

பயிற்சி பெறாதவர் உடனே குதிக்கக் கூடாது. மூழ்குபவர் கையில் கிடைத்தவரைப் பற்றிக்கொள்வார். இருவரும் மூழ்க நேரும். கயிறு, கம்பு, மூடிய காலிக் கேன், துண்டு என எதையாவது நீட்டவோ எறியவோ வேண்டும். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் இளைஞர் நால்வர் மூழ்கியபோது, அங்கிருந்த மூன்று பெண்கள் தங்கள் சேலைகளை எறிந்து இருவரை மீட்டனர். மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அப்பெண்களுக்குத் தமிழ்நாடு அரசு கல்பனா சாவ்லா விருது வழங்கியது.

கரையேற்றியவரைத் தலைகீழாகத் தொங்கவிடுவதும் வயிற்றை அழுத்தித் தண்ணீர் எடுப்பதும் தவறு. மூச்சில்லையெனில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, மார்பை அழுத்தும் முதலுதவியை உடனே தொடங்கி, 108க்கு அழைக்கச் சொல்ல வேண்டும். இம்முதலுதவியை முன்பே முறையாகப் பயின்றிருப்பது நல்லது.

நிறைவாக

நீரை விரும்புவதும் அஞ்சுவதும் மனித இயல்புகளே. இரண்டையும் பழிக்க வேண்டியதில்லை. அஞ்சும் குழந்தையைக் கேலி செய்யாமல் கைபிடித்துப் படி இறக்குவதும், அஞ்சாத குழந்தைக்கு ஒவ்வொரு நீர்நிலையின் குணத்தையும் சொல்லித் தருவதும் பெரியவர்களின் கடமை. மகன், மகள் என்று பாராமல் இருவருக்கும் மல்லாந்து மிதக்கக் கற்றுக் கொடுங்கள். இதைப் படிக்கும் மாணவர்களுக்கு நீச்சல் தெரியாது என்றால் அதில் வெட்கப்பட ஏதுமில்லை. வரும் விடுமுறையில் நீச்சல் அறிந்த பெரியவர் ஒருவரின் துணையோடு முதற்படியில் இறங்குங்கள்.