ஆளுமைச் சோதனையும் அதன் அளவுகோலும்

நாமக்கல்லில் மேனிலைக் கல்வி முடித்த முஸ்லிம் மாணவி ஒருத்தி ஆளுமை வினாநிரலுக்கு விடையளிப்பதாகக் கொள்வோம். 'விருந்துகளில் புதியவர்களுடன் கலகலப்பாகப் பழகுவேன்' என்னும் கூற்றுக்கு 'இல்லை' என்கிறாள். இதுபோன்ற விடைகளைக் கூட்டி, 'அகமுகி. ஆசிரியப் பணிக்குப் பொருந்தாள்' என முடிவு கூறப்படுகிறது. அவளோ நாள்தோறும் மக்தபில் சிறுவர்க்கு ஓதிக்கொடுப்பவள்! அவள் மறுத்தது பழகுதலை அன்று. தன் வாழ்வில் இல்லாத விருந்தையே.

இத்தகைய சோதனை ஒருவரது விடைகளை, முன்னர் விடையளித்த ஒரு குழுவினரின் விடைகளோடு ஒப்பிட்டே பொருள் காண்கிறது. ஆகவே, அக்குழுவினர் யார் என்பதே முதல் வினா. 1943இல் வெளியான மினசோட்டா பன்முக ஆளுமை வினாநிரலுக்கு அளவுகோலாக அமைந்தோர், பெரும்பாலும் அங்குள்ள பல்கலைக்கழக மருத்துவமனைக்கு நோயாளிகளைக் காண வந்த வெள்ளையர்கள். 1989ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பு 2,600 அமெரிக்கரைப் புதிய அளவுகோலாக்கியது. ஆட்சேபத்திற்குள்ளான சமயக் கூற்றுகள் சிலவற்றையும் நீக்கியது.

அமெரிக்கர்க்கே அளவுகோலை மாற்ற வேண்டியிருந்ததெனில், சேலம், நாமக்கல் மாணவர்க்கு மொழிபெயர்ப்பு மட்டும் போதுமா? தமிழ் மாணவரிடம் நடத்திப் புதிய அளவுகோல் வகுத்தல் வேண்டும். சேலம் பெரியார் பல்கலைக்கழக உளவியல் துறை போன்றவை ஆற்றத்தக்க பணி இது. பெற்றோரும் கேட்கட்டும்: யாரோடு ஒப்பிட்டீர்கள்? எங்கள் மகளிடம் பேசினீர்களா? மதிப்பெண் உரையாடலின் தொடக்கமேயன்றித் தீர்ப்பன்று.