பேசினால் வருகிறது, எழுதினால் ஏன் வரவில்லை?

எழுத ஆரம்பிக்க நினைக்கிறவர்களுக்கான எபிசோட் இது. கதையோ, கட்டுரையோ, ஊரைப் பற்றிய நினைவுக்குறிப்போ, எதுவாக இருந்தாலும் சரி.

புதிதாக எழுத வருகிறவர்கள் அடிக்கடி சொல்கிற ஒரு விஷயம் இருக்கிறது. "சொல்றதுக்கு நிறைய இருக்கு. பேசச் சொன்னா ஒரு மணி நேரம் பேசுவேன். எழுத உக்காந்தா நாலு வரிக்கு மேல நகரல." இப்படிச் சொல்லிவிட்டு, "நமக்கு எழுத்து வராது போல" என்று விட்டுவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்க. இது திறமைக் குறைவு இல்லை. தமிழில் எழுத வருகிற கிட்டத்தட்ட எல்லோருக்கும் முதலில் இருக்கிற சிக்கல் இது. காரணம் தெரிந்தால் வழியும் தெரியும்.

நாலு வரியில் ஏன் நிற்கிறது?

நாம் வீட்டில் பேசுவது ஒரு தமிழ். பள்ளிக்கூடத்தில் எழுதப் பழகியது வேறு தமிழ். அதுவும் எதற்காகப் பழகினோம்? பரீட்சைக்காக. முன்னுரை, பொருளுரை, முடிவுரை, இடையில் நாலு துணைத்தலைப்பு. பல பேருக்கு வாழ்க்கையில் கடைசியாகத் தமிழில் ஒரு பக்கம் எழுதியது அந்தப் பரீட்சையாகத்தான் இருக்கும். அதனால் பேனாவை எடுத்ததும் கை தானாக அந்தத் தமிழுக்குப் போகிறது. நாம் எழுத நினைக்கிற அடுப்படியும் கடையும் சண்டையும் நடந்தது அந்தத் தமிழில் இல்லை. அதனால்தான் அவை உள்ளே வர மறுக்கின்றன.

ஒரு உதாரணம் பாருங்க. அப்பா டீக்கடை வைத்திருந்த ஒருவர் அதை எழுத உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இப்படி ஆரம்பிப்பார்:

"எனது தந்தை தேநீர் விடுதி ஒன்றை நடத்தி வந்தார். அவர் மிகச்சிறந்த உழைப்பாளி ஆவார். அதிகாலையிலேயே எழுந்து தனது கடமைகளைச் செவ்வனே ஆற்றுவார்."

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் இதில் அப்பாவும் இல்லை, கடையும் இல்லை. நாலாவது வரிக்கு என்ன இருக்கிறது? அதனால் அங்கே நின்றுவிடுகிறார். அதே ஆளை ஒரு நண்பரிடம் பேசச் சொல்லுங்க:

"அப்பா நாலு மணிக்கே கடையத் தொறந்துடுவாரு. பாய்லர்ல கரி போட்டு, பால் காய்ச்சி, முத டீய வாசல்ல ஊத்துவாரு, சாமிக்குன்னு. ரெண்டாவது டீ மொத பஸ் டிரைவருக்கு. மூணாவது அந்த பஸ் கண்டக்டருக்கு. அவரு மட்டும் யாவாரம் முடிஞ்சு ஒம்போது மணிக்குத்தான் குடிப்பாரு, அதுவும் ஆறிப்போனது."

உழைப்பாளி என்ற சொல்லே வரவில்லை. ஆனால் அந்த மனிதர் வந்துவிட்டார். உங்களிடம் சொல்வதற்கு விஷயம் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். பேச்சில் இருப்பதைக் கெடாமல் தாளுக்குக் கொண்டுவருவதுதான் வேலை.

இந்தப் பாதை ஏற்கெனவே போட்டிருக்கிறது

"பேச்சுத் தமிழை எழுதினா யாராவது மதிப்பாங்களா?" என்ற பயம் வரும். அந்தப் பயம் நமக்கு முன்னால் இருந்தவர்களுக்கும் இருந்தது. அவர்கள் அதோடு சண்டை போட்டிருக்கிறார்கள்.

1930களில் மணிக்கொடி காலத்திலேயே புதுமைப்பித்தன் திருநெல்வேலிப் பேச்சைக் கதைக்குள் கொண்டுவந்தார். ஜெயகாந்தன் சென்னைக் குடிசைப் பகுதிகளின் பேச்சைக் கொண்டுவந்தார். இலங்கையில் 1960களில் இது பெரிய விவாதமாகவே வெடித்தது. சாதாரண மக்களின் பேச்சில் கதை எழுதியதை 'இழிசனர் வழக்கு' என்று மரபு பேசியவர்கள் சாடினார்கள். அந்த எழுத்தாளர்கள் நிறுத்தவில்லை. யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் நிலையம் நடத்திய டொமினிக் ஜீவா, கதைகள் எழுதியதோடு 1966-இல் 'மல்லிகை' என்ற பத்திரிகையையும் ஆரம்பித்துப் பல பத்தாண்டுகள் நடத்தினார். 1992-இல் வந்த பாமாவின் 'கருக்கு' இன்னும் ஒரு படி மேலே போனது. பாத்திரங்களின் பேச்சு மட்டும் இல்லை, கதை சொல்கிற குரலே பேச்சுத் தமிழில் வந்தது.

கி. ராஜநாராயணனை எடுத்துக்கோங்க. கோவில்பட்டி பக்கத்தில் இடைசெவல் கிராமத்து விவசாயி. பள்ளிப் படிப்பைக்கூட முழுதாக முடிக்காதவர். முப்பது வயதைத் தாண்டித்தான் கதை எழுத வந்தார். அவர் எழுதியதெல்லாம் கரிசல் காட்டு மனிதர்கள் பேசுகிற மொழியின் பலத்தில் நிற்கிறது. அந்தச் சொற்களைத் திரட்டி அவர் தொகுத்த கரிசல் வட்டார வழக்கு அகராதி 1982-இல் வெளிவந்தது. 1991-இல் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்குச் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது.

இதில் நமக்கு ஒரு அவசரமும் இருக்கிறது. உங்கள் பாட்டி சொல்கிற ஒரு பாத்திரத்தின் பெயர், ஒரு பலகாரத்தின் பெயர், ஒரு வசவு, இதெல்லாம் இன்னும் எத்தனை பேர் வாயில் இருக்கிறது? அகராதியில் ஏறாத சொல், அதைச் சொல்கிறவரோடு போய்விடும். யாராவது எழுதி வைத்தால்தான் இருக்கும். அந்த வீட்டில் எழுதும் ஆசை இருக்கிற ஆள் நீங்கள் மட்டும்தான் என்றால், வேறு யாரும் எழுதப் போவதில்லை.

முதலில் பேசுங்க

சரி, எப்படிச் செய்வது? போனில் ரெக்கார்டரைப் போடுங்க. ஒரே ஒரு ஆளை மனதில் நினைத்துக்கோங்க. உங்கள் ஊர் தெரியாத, ஆனால் உங்களுக்கு நெருக்கமான ஒருவர். அவரிடம் ஒரு சம்பவத்தை ஐந்து நிமிடம் சொல்லுங்க. ஊர் தெரிந்தவரிடம் சொன்னால் பாதியை விட்டுவிடுவோம். ஊர் தெரியாதவரிடம் சொல்லும்போது, எது எங்கே இருந்தது, யார் யாருக்கு என்ன உறவு என்பதெல்லாம் தானாக வந்துவிடும். வாசகரும் உங்கள் ஊர் தெரியாதவர்தானே?

சம்பவம் சின்னதாக இருக்கட்டும். "என் அம்மாவின் வாழ்க்கை" என்று ஆரம்பிக்காதீங்க. அம்மா நகையை அடகு வைக்கப் போன ஒரு மதியம் போதும்.

பிறகு அதைக் கேட்டுக் கேட்டு, பேசியபடியே எழுதுங்க. குரலைத் தட்டச்சு செய்கிற வசதி இப்போது போனிலேயே தமிழுக்கு இருக்கிறது. அவசரத்துக்கு உதவும். ஆனால் வட்டாரச் சொல் வந்தால் அது தனக்குத் தெரிந்த வேறு சொல்லைப் போட்டுவிடும். நாம் காப்பாற்ற நினைக்கிற சொல்லே அதுதான். அதனால் முதல் சில தடவை கையாலேயே எழுதிப் பாருங்க.

எந்தத் தமிழ் எங்கே?

பேசியதை அப்படியே அச்சடித்தால் கதை ஆகிவிடாது. இந்த எபிசோடையே பாருங்க. நான் "சொல்லிக்கிட்டிருக்கேன்" என்று பேசுவது எழுத்தில் வரும்போது "சொல்கிறேன்" ஆகிவிடும். ஆனால் உங்களை நேராகக் கூப்பிடுகிற "பாருங்க" அப்படியே நிற்கும். எதை மாற்றுவது, எதை விடுவது என்று ஒரு முடிவு எடுத்துத்தான் இதைச் செய்கிறோம். நீங்களும் ஒரு முடிவு எடுக்கணும்.

அதிகம் பேர் போகிற வழி, கதை சொல்கிற குரலுக்கு எழுத்துத் தமிழ், பாத்திரங்களுக்குப் பேச்சுத் தமிழ். ஆரம்பிக்கிறவர்களுக்கு இதுதான் வசதி. அந்த டீக்கடைப் பத்தியை இந்த வழியில் மாற்றினால் இப்படி வரும்:

"அப்பா நாலு மணிக்கே கடையைத் திறந்துவிடுவார். பாய்லரில் கரி போட்டு, பால் காய்ச்சி, முதல் டீயைச் சாமிக்கென்று வாசலில் ஊற்றுவார். இரண்டாவது டீ முதல் பஸ் டிரைவருக்கு."

வினைமுடிவுகளும் சொற்களின் வடிவமும் மட்டும் மாறியிருக்கின்றன. பாய்லர் பாய்லராகவே இருக்கிறது. டீ தேநீர் ஆகவில்லை. நடந்ததைச் சொன்ன வரிசையும் அதேதான். எழுத்துத் தமிழுக்கு மாறுவது என்றால் இவ்வளவுதான். பொருள்களின் பெயரை மாற்றுவது இல்லை.

உரையாடலில் இரண்டு விஷயம் கவனிங்க. ஒன்று, உச்சரிப்பை முழுக்க எழுத்தில் பிடிக்கப் போகாதீங்க. ஒவ்வொரு சொல்லையும் காதில் விழுகிறபடி எழுதினால் வாசகர் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருக்கும். ஒரு வினைமுடிவு, "ஏலே", "ஏ புள்ள" மாதிரி ஒரு விளி, அந்த ஊர்ப் பெயர்ச்சொல் ஒன்று இருந்தாலே ஊர் தெரிந்துவிடும். ஒரே ஆள் ஒரு வரியில் "வெச்சுக்கிட்டு" என்றும் அடுத்த வரியில் "வைத்துக்கொண்டு" என்றும் பேசக்கூடாது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் எந்த எழுத்துக்கூட்டல் என்று குறித்து வைத்துக்கோங்க.

இரண்டு, வீட்டு வேலைக்கு வருகிறவருக்கு மட்டும் வட்டாரப் பேச்சைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்காரர் எல்லாம் அச்சுத் தமிழில் பேசினால் அது யதார்த்தம் இல்லை. வீட்டுக்காரரும் ஏதோ ஒரு ஊர்ப் பேச்சைத்தான் பேசுகிறார். ஒருவர் பேச்சை மட்டும் வித்தியாசமாகக் காட்டினால், அவரை நாம் கேலிப் பொருளாக்கிவிட்டோம் என்று அர்த்தம்.

எதை வெட்டுவது?

பரீட்சைத் தமிழ் எளிதில் விட்டுப்போகாது. திருத்தும்போது இவற்றைத் தேடுங்க. "மிகவும்", "மிகுந்த" வருகிற இடங்கள். எடுத்துவிட்டால் பெரும்பாலும் வாக்கியம் பலமாகும். தேவையில்லாத "ஒரு". "என்பது குறிப்பிடத்தக்கது" மாதிரியான வால். "பயணத்தை மேற்கொண்டான்" என்றால் "போனான்" போதும். "கதவு அவளால் திறக்கப்பட்டது" என்றால் "அவள் கதவைத் திறந்தாள்".

குணத்தைச் சொல்கிற சொற்களையும் பாருங்க. நல்லவர், கண்டிப்பானவர், பாசமானவர். அந்த இடத்தில் அவர் செய்த ஒரு காரியத்தைப் போட முடியுமா? ஆறிப்போன டீ மாதிரி ஒன்று. அது கிடைத்ததும் குணச்சொல்லை அடித்துவிடலாம்.

கடைசியாகச் சத்தமாகப் படிங்க. மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியம் நீளம். நாக்கு தடுக்குகிற இடத்தில் நீங்கள் சொல்லாத சொல் ஒன்று புகுந்திருக்கிறது.

ஒரு வாரக் கணக்கு

வேலை, வீடு, பிள்ளைகள் எல்லாம் இருக்கிறவர்களுக்கு ஒரு நாளில் அரை மணி நேரம் கிடைத்தாலே பெரிசு. அதற்கு ஏற்ற மாதிரி ஒரு கணக்கு சொல்றேன்.

முதல் நாள், ஐந்து நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்க. இரண்டாம் நாள், கேட்டு எழுதுங்க. மூன்றாம் நாள், தொடாதீங்க. நான்காம் நாள், எந்தத் தமிழ் என்று முடிவு செய்து வினைமுடிவுகளை மாற்றுங்க. ஐந்தாம் நாள், வெட்டுங்க. ஆறாம் நாள், சத்தமாகப் படித்துத் திருத்துங்க. ஏழாம் நாள், ஒருவரிடம் படிக்கக் கொடுங்க. "எப்படி இருக்கு?" என்று கேட்காதீங்க. "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். "எந்த இடத்துல கவனம் விலகுச்சு?" என்று கேளுங்க. அவர் காட்டுகிற இடத்தில் ஏதோ கோளாறு இருக்கும். அதைச் சரிசெய்வது எப்படி என்று அவர் சொல்ல வேண்டியதில்லை, அது உங்கள் வேலை.

வாரம் முடியும்போது இரண்டு பக்கம் இருக்கும். சின்னதுதான். ஆனால் தலைப்பு முதல் கடைசி வரி வரை முடித்த ஒன்று. ஐம்பது பக்கத்தில் நின்றுபோன நாவலைவிட, முடித்த இரண்டு பக்கம் அதிகம் கற்றுக்கொடுக்கும். ஒன்றை எப்படி முடிப்பது என்பதை முடித்துத்தான் கற்றுக்கொள்ள முடியும்.

இப்படி நாலைந்து சேர்ந்ததும் நல்லதாக ஒன்றை எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்புங்க. அதற்கு முன்னால் அந்தப் பத்திரிகையின் மூன்று இதழ்களையாவது படிங்க. யூனிகோடில் தட்டச்சு செய்து, ஒரு பிரதி உங்களிடம் வைத்துக்கொண்டு அனுப்புங்க. ஒரே படைப்பை ஒரே சமயத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பாதீங்க. பதிலே வராமல் போகலாம். அது உங்கள் எழுத்தின் மீது வந்த தீர்ப்பு இல்லை. அந்த நேரத்தில் அடுத்ததைப் பேசிப் பதிவு செய்துகொண்டிருங்க. உண்மையான மனிதர்களை எழுதுகிறீர்கள் என்றால், அவர்களுக்குச் சங்கடம் வராதபடி பெயரையும் அடையாளத்தையும் மாற்றிவிட்டு அனுப்புங்க.

அடுத்த எபிசோடில் உரையாடலை மட்டும் எடுத்துப் பேசலாம். அதற்குள் அந்த முதல் ஐந்து நிமிடத்தைப் பதிவு செய்து வைங்க. என்ன பேசுவது என்று தெரியவில்லை என்றால், உங்கள் வீட்டில் இப்போது இல்லாத ஒரு பாத்திரத்தை எடுத்துக்கோங்க. அதில் யார் என்ன சமைத்தார்கள், கடைசியில் அது எங்கே போனது என்று சொல்லிப் பாருங்க.