உங்களுக்குத் தெரியுமா? ஊர் பேரைச் சுமந்த நடிகர்

டெல்லி கோல் மார்க்கெட்டின் நடுவில் நிற்கும் பழைய கட்டடம் பெயருக்குத்தான் வட்டம். சுற்றி வந்து எண்ணினால் பன்னிரண்டு பக்கம். அதைச் சுற்றியிருந்த சர்க்கார் குவார்ட்டர்ஸ்களில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். பக்கத்து மந்திர் மார்க்கில் தமிழ்ப் பள்ளிக்கூடமே இருக்கிறது. பகலில் ஃபைல், சாயங்காலம் நாடக ஒத்திகை என்று வாழ்ந்த டெல்லித் தமிழர்கள் சினிமாவுக்குத் தந்த நடிகர்தான் டெல்லி கணேஷ்.

ஆனால் அவர் பிறந்தது டெல்லியில் இல்லை! 1944-இல், தாமிரபரணிக் கரைச் சீமையில் உள்ள வல்லநாட்டில். 1964 முதல் 1974 வரை இந்திய விமானப்படையில் வேலை. டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவின் மேடைதான் அவருக்குப் பயிற்சிக்கூடம்.

கணேஷுக்கு முன்னால் ‘டெல்லி’யைச் சேர்த்தவர் கே. பாலசந்தர். படம், 1977-இல் வந்த ‘பட்டினப்பிரவேசம்’. விசுவின் நாடகம் அது. கிராமத்துக் குடும்பம் பட்டணத்துக்கு வந்து படும் பாடுதான் கதை.

இரண்டே வருடத்தில் துரையின் ‘பசி’. சென்னைக் குப்பத்தில் ரிக்‌ஷா இழுக்கும் அப்பா. ஷோபாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படம் என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். டெல்லி கணேஷுக்கும் அதற்காகத் தமிழக அரசின் சிறப்புப் பரிசு கிடைத்தது. நெல்லைச் சீமைக்காரர், பத்து வருடம் பட்டாளத்தில் இருந்தவர், மெட்ராஸ் பாஷையை அங்கேயே பிறந்தவர் போலப் பேசியிருப்பார். அவர் நடித்ததில் எனக்கு முதலிடம் இதற்குத்தான்.

பாஷையில் அவருக்கு இருந்த பிடிப்பு இன்னொரு விதமாகத் தெரிவது ‘மைக்கேல் மதன காம ராஜன்’ (1990) படத்தில். சமையல்காரர் பாலக்காட்டு மணி ஐயர், கமல் நடித்த காமேஸ்வரனின் வளர்ப்பு அப்பா. கல்யாண சாம்பாரில் மீன் விழுந்த காட்சியை மறுபடி பாருங்கள். சிரிப்பு மூட்ட வேண்டும் என்ற எண்ணமே அவர் முகத்தில் இருக்காது. மானம் போகப்போகிற ஒரு சமையல்காரரின் பயம் மட்டும்தான் இருக்கும். நாம் விழுந்து விழுந்து சிரிப்பது அதனால்தான்.

‘சிந்து பைரவி’யில் (1985) அவர் மிருதங்க வித்வான் குருமூர்த்தி. குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வந்து நிற்பார். கதாநாயகனான பாடகர் ஜே.கே.பி. அவரை ஒதுக்கிவிட்டு, மிருதங்கமே இல்லாமல் பாடுவார். அந்தத் தலைகுனிவு மனசில் தங்கிவிடுவதால்தான், பிற்பாடு ஜே.கே.பி.யே குடியில் விழும்போது நமக்குப் பகீரென்கிறது.

‘நாயகன்’ படத்தில் வேலு நாயக்கருக்கு நிழலாக நிற்கும் ஐயரும் இவர்தான். ‘அபூர்வ சகோதரர்க’ளில் அதே முகம் வில்லன் முகம்! மொத்தம் நானூறு படங்களுக்கு மேல்.

டெல்லி நாடக மேடை தந்த இன்னொரு அப்பா முகமும் உண்டு: பூர்ணம் விஸ்வநாதன். 1947 ஆகஸ்ட் 15 அன்று நாடு விடுதலை பெற்ற சேதியை டெல்லி வானொலியில் தமிழில் வாசித்த குரல் அவருடையது. டெல்லியில் வேலையில்லாமல் அலையும் இளைஞர்களின் கதையான ‘வறுமையின் நிறம் சிவப்பு’ (1980) படத்தில் கமலின் அப்பாவாக வந்தவரும் அவரே. ‘மகாநதி’யின் பஞ்சாபகேசனை மறக்க முடியுமா?

டெல்லி கணேஷ் 2024 நவம்பர் 9 இரவு, எண்பது வயதில், சென்னையில் காலமானார். அஞ்சலி செலுத்த வந்தவர்களில் திரையுலகத்தினரோடு விமானப்படையினரும் இருந்தார்கள். ஐம்பது வருடத்துக்கு முன்னால் வேலையை விட்டுப் போனவர்மேல் விமானப்படைக் கொடியைப் போர்த்தினார்கள்.