பழுப்பு நிலக்கரியில் எண்ணெய் இருக்கிறதா?

வயல் ஓரமாகத் துளை போட்டு மண் மாதிரி எடுத்துப் போகிறார்கள். சில மாதம் கழித்து, ‘இங்குள்ள பழுப்பு நிலக்கரிக்கு நல்ல ஹைட்ரோகார்பன் திறன்’ என்று ஒரு செய்தி வருகிறது. கடலூர், திருவாரூர் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவருக்கு இது வயிற்றில் புளியைக் கரைக்கும். அந்த வாக்கியம் உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

ஹைட்ரோகார்பன் என்பது எது? கரிமமும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருள். கச்சா எண்ணெய், சமையல் எரிவாயு, மீத்தேன் எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

அப்படியானால் கரிக்குள் எண்ணெய் இருக்கிறதா? நெல் மூட்டையைக் கையால் அளைந்து பார்த்து, ‘இதில் இத்தனை படி அரிசி காணும்’ என்று உங்கள் வீட்டுப் பெரியவர் சொல்வார். அரிசி அப்போது வெளியே வந்துவிடவில்லை, குத்தினால் வரும் அளவைச் சொல்கிறார். ‘திறன்’ என்ற சொல்லும் அப்படித்தான். இந்தக் கரியைப் போதிய அளவு சூடாக்கினால் எவ்வளவு காணும் என்பதுதான் அதன் பொருள்.

பூமி ஏன் இன்னும் சூடாக்கவில்லை? ஆழம் போதவில்லை. கீழே ஒரு கிலோமீட்டர் இறங்கினால் வெப்பம் பொதுவாக 25 முதல் 30 டிகிரி கூடும். மக்கிய மரமும் இலையும் எண்ணெயாக மாறப் பெரும்பாலும் 100 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும், அதுவும் லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு. நெய்வேலிச் சுரங்கத்தில் கரி கிடப்பது சுமார் நூறு மீட்டர் ஆழத்தில். அங்கே மேல்மண்ணைவிட மூன்று டிகிரி கூடியிருந்தால் பெரிது. வெட்டியெடுக்கும் கரியின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். கதிரில் இது பால் பிடிக்கும் பருவம்.

இந்தப் பருவத்தை (முதிர்ச்சி நிலை) எப்படி அளக்கிறார்கள்? ஒரு வழி நுண்ணோக்கி. கரித்துண்டைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, ஒளி பாய்ச்சி, நூற்றில் எத்தனை பங்கு திரும்பி வருகிறது என்று பார்ப்பார்கள். கரி முதிர முதிர அதிகம் மினுங்கும். பழுப்பு நிலக்கரியில் இது பெரும்பாலும் 0.4 விழுக்காட்டுக்குக் கீழே நிற்கும். எண்ணெய் பிறக்க 0.6 அளவாவது வேண்டும்.

இன்னொரு வழி ராக்-எவால் என்னும் கருவி. ஒரு சிட்டிகைக்கும் குறைந்த தூளைக் காற்றில்லாமல் படிப்படியாகச் சூடேற்றும். எந்தச் சூட்டில் ஆவி அதிகம் வெளியேறுகிறதோ அது உச்ச வெப்பநிலை. அது 435 டிகிரிக்குக் கீழே இருந்தால் கரி இன்னும் முதிரவில்லை.

அறிக்கையில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்? இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள், பலர் தவறுவது இந்த இடத்தில்தான். மொத்தமாக வந்த ஆவியை ‘சுமார், நன்று, மிகச் சிறப்பு’ என்று தரம் பிரிக்கும் அட்டவணை ஒன்று உண்டு. அது களிமண் பாறைக்காக வகுத்தது. அந்தப் பாறையில் கரிமம் நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்குதான் இருக்கும். உலர்ந்த பழுப்பு நிலக்கரியிலோ பாதிக்குமேல் கரிமம். ஒரு கிராம் கரிமத்துக்கு வெறும் 100 மில்லிகிராம் ஆவி வந்தாலே, ஒரு கிராம் கரிக்கு 50 மில்லிகிராம் ஆகிவிடும். அட்டவணையில் 20ஐத் தாண்டினாலே ‘மிகச் சிறப்பு’! ஆக, சாதாரணக் கரிக்கும் அந்தப் பட்டம் கிடைத்துவிடும்.

அதனால் ஹைட்ரஜன் குறியீட்டைத் (ஒரு கிராம் கரிமத்துக்கு வரும் ஹைட்ரோகார்பன், மில்லிகிராமில்) தேடுங்கள். 200க்குக் கீழே என்றால் எரிவாயுதான் காணும். 300க்கு மேல் என்றால் எண்ணெயும் காணும். பிசின், மகரந்தத் தூள், இலையின் மெழுகுத் தோல் மிகுந்த கரியில் இந்த எண் ஏறும். குஜராத்தின் வஸ்தான் சுரங்கக் கரியில் ஐந்து கோடி ஆண்டுக்கு முந்தைய மரப்பிசின், உள்ளே சிக்கிய பூச்சிகளோடு கிடைத்திருக்கிறது. வெறும் மரத்தண்டு மக்கிய கரியில் எண் இறங்கும்.

இந்தத் திறன் நடைமுறையில் பயன்பட்டதா? பயன்பட்டது. ஜெர்மனியின் லொய்னா ஆலை 1927 முதல் பழுப்பு நிலக்கரியிலிருந்து பெட்ரோல் செய்தது. நெய்வேலியிலும் கரியைக் காற்றில்லாமல் சுட்டு, புகையில்லாத அடுப்புக்கரியாக ‘லெக்கோ’ செய்தார்கள். சுடும்போது தார் எண்ணெய் தனியே வடிந்தது. இரண்டுமே உலைக்குள் நடந்த வேலை, நிலத்துக்குள் நடந்ததில்லை.

அப்படியானால் காவிரி டெல்டாவின் நரிமணத்தில் எடுக்கும் எண்ணெய்? அது இந்தக் கரியில் பிறந்ததல்ல. மிக ஆழத்தில், டைனோசர் காலத்துப் பாறைகளில் பிறந்தது. பழுப்பு நிலக்கரி அறிக்கையைக் காட்டி உங்கள் வயலுக்கடியில் எண்ணெய் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மீத்தேன் விஷயம் வேறு. முதிராத கரியிலும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்கும். கரியின் விரிசல்களில் நிற்கும் தண்ணீரின் அழுத்தம் அதைப் பிடித்து வைத்திருக்கும். வாயு வேண்டுமென்றால் முதலில் அந்தத் தண்ணீரை இறைக்க வேண்டும். மன்னார்குடிப் பகுதியில் மீத்தேன் திட்டத்தை உழவர்கள் எதிர்த்ததற்கு இதுவே பெரிய காரணம். டெல்டாவின் பெரும்பகுதியில் புதிய ஹைட்ரோகார்பன் திட்டங்களை 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தடுக்கிறது. முன்பே நடப்பவை அதில் அடங்கா. உங்கள் ஒன்றியம் அந்த மண்டலத்துக்குள் வருகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊரில் சுரங்கம் வருகிறது என்று நடக்கும் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போனால், மாதிரி எப்போது எடுத்தது என்று கேளுங்கள். வெளியே கிடந்து காற்றுப்பட்ட கரி ஹைட்ரஜனை இழந்து தவறான எண் தரும். அதைவிட முக்கியம் தண்ணீர். நெய்வேலியில் கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவுபகலாக இறைத்தால்தான் சுரங்கமே வெட்ட முடிகிறது. உங்கள் ஊரில் ஒரு நாளைக்கு எவ்வளவு இறைப்பார்கள், எத்தனை கிலோமீட்டர் தூரத்துக் கிணறுகள் வரை நீர்மட்டம் இறங்கும், இறைத்த நீரை எங்கே விடுவார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.