மழை வந்தால் ஃப்ரிட்ஜ் கதவுகளுக்கு நடுவே தண்ணீர் கோர்ப்பது ஏன்? மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் என்ன பார்க்கலாம்?

ஜூன் பிறந்து மழை பிடித்துக்கொண்டால், திருவனந்தபுரத்து வாடகை ஃபிளாட்டுகளில் ஒரு சின்னத் தலைவலி ஆரம்பிக்கும். டபுள் டோர் ஃப்ரிட்ஜில் மேலே இருக்கும் ஃப்ரீசர் கதவுக்கும் கீழ்க் கதவுக்கும் நடுவே ஒரு பட்டை இருக்கிறதே, அதில் முத்து முத்தாகத் தண்ணீர் கோர்க்கும். காலையில் துடைத்துவிட்டு வேலைக்குப் போனால் சாயங்காலம் திரும்பவும் அதே கதை. நாள் ஆக ஆகக் கதவு ரப்பரில் கறுப்புப் புள்ளிகள் வரும், தரையில் சொட்டும்.

என் வீட்டில் இது நடந்தபோது, வந்த மெக்கானிக் கதவைத் திறந்துகூடப் பார்க்காமல் "கேஸ் போயிடுச்சு, ஃபில் பண்ணணும்" என்றார். ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் கல் மாதிரி இருந்தது. கேஸ் கசிந்த ஃப்ரிட்ஜில் முதலில் குறைவது குளிர்ச்சிதான். குளிர்ச்சி சரியாக இருந்து, கதவில் மட்டும் தண்ணீர் கோர்த்தால், கேஸ் ஃபில்லிங்குக்குப் பணம் கொடுப்பதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எங்கள் வீட்டில் பிரச்சினை கீழ்க் கதவு சரியாக மூடாததுதான்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

ஃப்ரிட்ஜுக்குள்ளிருந்து கசியவில்லை. அறையின் காற்றிலிருந்து வருகிறது. ஐஸ் வாட்டர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வேர்க்கிறதே, அதேதான்.

இதைப் புரிந்துகொள்ள ஈரப்பத சதவீதத்தைவிட 'டியூ பாயின்ட்' என்ற எண் உதவும். தமிழில் பனிநிலை. எந்த வெப்பநிலைக்குக் கீழே ஒரு பொருளின் மேற்பரப்பு போனால் அதில் நீர் படியத் தொடங்கும் என்பதைச் சொல்லும் எண் இது. மழைநாளில் திருவனந்தபுரத்தில் வீட்டுக்குள் 28 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 85% என்று வைத்துக்கொள்வோம். அப்போது பனிநிலை சுமார் 25 டிகிரி. அதாவது அறையைவிட வெறும் 3 டிகிரி குளிர்ந்தாலே அந்த இடம் நனைந்துவிடும்.

மே மாத டெல்லியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். அங்கே 42 டிகிரி வெயில், 20% ஈரப்பதம் என்றால் பனிநிலை 14 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அறையைவிட ஏறத்தாழ 28 டிகிரி குளிர்ந்தால்தான் ஒரு துளி படியும். டெல்லியில் வேலை பார்த்தபோது சொட்டாத அதே ஃப்ரிட்ஜ், மாற்றலாகி இங்கே வந்ததும் சொட்டுவதில் ஆச்சரியம் இல்லை.

அந்தப் பட்டையில் மட்டும் ஏன்?

ஃப்ரிட்ஜின் சுவர்களில் தடிமனான ஃபோம் இருக்கிறது. கதவுகளுக்கு நடுவே உள்ள பட்டையில் அவ்வளவு இடம் கிடையாது. பின்னால் மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசர், இரண்டு பக்கமும் ரப்பர் விளிம்பு. அந்த இடம் குளிர்ந்துபோகும் என்பது தயாரிப்பாளர்களுக்கும் தெரியும். அதனால் கம்ப்ரெஸரிலிருந்து வரும் சூடான கேஸ் குழாயை கதவுச் சட்டத்தைச் சுற்றி உள்ளே ஓட்டுகிறார்கள். சில மாடல்களில் குழாய்க்குப் பதில் சின்ன மின் ஹீட்டர் இருக்கும். (ஏப்ரலில் அந்தப் பட்டை சுடுகிறது என்று கம்ப்ளெயின்ட், ஜூனில் வேர்க்கிறது என்று கம்ப்ளெயின்ட். இரண்டும் ஒரே குழாயைப் பற்றித்தான்.)

இதில் ஒரு சிக்கல். குழாய் சூடாவது கம்ப்ரெஸர் ஓடும்போது மட்டும். மழையில் வீடு குளிர்ந்தால் கம்ப்ரெஸர் ஓடும் நேரமும் குறைகிறது. சூடு அதிகம் தேவைப்படும் நாட்களில் அது குறைவாகக் கிடைக்கிறது.

அப்படியானால் மழைக்காலத்தில் எல்லா ஃப்ரிட்ஜும் சொட்ட வேண்டியதுதானா? இல்லை. ஃப்ரிட்ஜுக்குள்ளோ பின்பக்கமோ உள்ள லேபிளில் கிளைமேட் கிளாஸ் என்று சில மாடல்களில் போட்டிருக்கும். 'டி' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் வெப்பமண்டலத்துக்கானது, 43 டிகிரி வரைக்கும் வேலை செய்ய வேண்டியது. சர்வதேசத் தரநிலையில் இந்த வகைக்கான நீர்ப்படிவுச் சோதனையே 32 டிகிரி வெப்பத்தில், 27 டிகிரி பனிநிலையில்தான் நடக்கிறது. நம்முடைய மழைநாள் கணக்கு 25. ஆகவே அடைமழை நாளில் லேசான மங்கலோ சில துளிகளோ வந்தால் விட்டுவிடலாம். வழிந்து தரைக்கு வந்தால் ஏதோ சரியில்லை.

எங்கே பார்ப்பது?

முதல் சந்தேகம் கதவு ரப்பர் மேல்தான், அதாவது கேஸ்கெட். ஒரு 10 ரூபாய் நோட்டை ரப்பருக்கும் சட்டத்துக்கும் நடுவே வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் பிடித்து இழுத்தால்தான் வரவேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்று போய்வருகிறது. நான்கு பக்கமும் செய்ய வேண்டும். கீல் இருக்கும் பக்கத்தையும் கீழ் மூலையையும் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. இன்னொரு வழி, ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு மொபைல் டார்ச்சை எரியவிட்டு உள்ளே வைத்துக் கதவை மூடுவது. எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கேதான் ஓட்டை.

ஓட்டை இருந்தாலே ரப்பரை மாற்ற வேண்டும் என்று அர்த்தமில்லை. பல நேரம் குழம்பு வழிந்து காய்ந்த அழுக்குதான் காரணம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து, பழைய டூத் பிரஷ்ஷால் மடிப்புகளுக்குள் தேய்த்து, நன்றாகத் துடைத்து உலர விடுங்கள். வளைந்துபோன ரப்பரை ஹேர் டிரையரின் மிதமான சூட்டில் இளக்கிக் கையால் நேராக்கலாம். கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

அடுத்தது சாய்மானம். ஃப்ரிட்ஜின் முன்கால்கள் கொஞ்சம் உயர்ந்திருந்தால் பாதி திறந்த கதவு தானாக மூடிக்கொள்ளும். வீடு மாறும்போது இதை யாரும் சரிபார்ப்பதில்லை. கதவு ஷெல்ஃபில் 2 லிட்டர் பாட்டில்களை அடுக்குவது, உள்ளே துருத்திக்கொண்டிருக்கும் மாவு டப்பா, இவையும் கதவை ஒரு மில்லிமீட்டர் தள்ளியே வைத்திருக்கும். எங்கள் வீட்டில் குற்றவாளி இட்லி மாவு.

பிறகு குளிர்ச்சி அளவு. கீழ்ப்பகுதிக்கு 4 டிகிரி, ஃப்ரீசருக்கு மைனஸ் 18 போதும். பல மாடல்களில் நாப்பில் எண் கூடக்கூடக் குளிர் கூடும். கோடையில் 5-ல் வைத்ததை ஜூனிலும் அப்படியே விட்டிருந்தால் குறையுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் வழிகிறதா? கம்ப்ரெஸர் கால் மணி நேரம் ஓடியபின் அந்தப் பட்டையைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் குழாய் வேலை செய்கிறது. ஜில்லென்று ஈரமாக இருந்தால்தான் மெக்கானிக் தேவை. ஃப்ரெஞ்ச் டோர் மாடலாக இருந்தால், இடது கதவோடு மடங்கித் திரும்பும் செங்குத்துப் பட்டைக்குள் இருக்கும் ஹீட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அதன் ஒயரும் சேர்ந்து வளைகிறது.

இரண்டு விஷயங்களில் கை வைக்க வேண்டாம். இப்போதைய ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் உள்ள ஆர்600ஏ என்ற ஐசோபியூட்டேன் வாயு தீப்பற்றக்கூடியது. அதனால் ஈரம் என்று பட்டையைத் திருகி எடுக்கவோ துளை போடவோ கூடாது. ஃப்ரிட்ஜை ஆன் செய்தால் ஈஎல்சிபி டிரிப் ஆகிறது என்றால், ஈரம் மின்பாகத்தைத் தொட்டிருக்கலாம். வேறு லைனில் மாற்றிப் போட்டுச் சமாளிக்காமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பின்னால் இருக்கும் ட்ரே

கதவு திறக்கும்போது உள்ளே போகும் ஈரக்காற்றையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த ஊர் மழைநாளில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 23 கிராம் நீர் இருக்கும். 4 டிகிரியில் அதே காற்று 6 கிராம் சொச்சம்தான் தாங்கும். 200 லிட்டர் கொள்ளளவில் காற்று முழுதாக மாறினால் ஒரு தடவைக்கு 3 கிராமுக்கு மேல். ஒரு நாளில் 30 தடவை திறந்தால், அதிகபட்சமாக 100 மில்லி, அரை டம்ளர் தண்ணீர்.

ஃப்ராஸ்ட் ஃப்ரீ மாடலில் இது பனியாகப் படிந்து, உருகி, பின்பக்கம் கம்ப்ரெஸருக்கு மேலே உள்ள ட்ரேயில் விழுந்து ஆவியாகும். மழைக்காலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் மெதுவாகத்தான் ஆவியாகும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இவ்வளவு தண்ணீர் தாராளம். கேரள சுகாதாரத் துறை வாரம் ஒருநாள் 'டிரை டே' கடைப்பிடிக்கச் சொல்லும்போது பூந்தொட்டித் தட்டு, டயரோடு ஃப்ரிட்ஜ் ட்ரேயையும் சொல்வது இதனால்தான். முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய ஒரு வாரம் போதும். பிளக்கைப் பிடுங்கி, ஃப்ரிட்ஜை முன்னால் நகர்த்தி, ட்ரேயைக் கழற்றி உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள், முட்டைகள் ஓரத்தில் ஒட்டியிருக்கும். கழற்ற முடியாத ட்ரே என்றால் ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தால் போதும்.