அப்பளமாக நொறுங்கட்டும்!

‘கார் அப்பளம் போல் நொறுங்கியது.’ விபத்துச் செய்திகளில் தவறாமல் வரும் வரி இது. படித்துவிட்டு, “இப்ப வர்ற வண்டியெல்லாம் வெறும் தகரம்! அந்தக் காலத்து அம்பாசடரா இருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது” என்பார்கள். வண்டிக்கு ஆகியிருக்காதுதான். உள்ளே இருந்தவருக்கு?

கோலி ஆடியவர்களுக்கு இதில் பாதிக் கணக்கு தெரியும். சுண்டிய கோலி நேராக அடித்தால் அங்கேயே நின்றுவிடும். அடிபட்டது கிட்டத்தட்ட அதே வேகத்தில் பறக்கும். உந்தமும் இயக்க ஆற்றலும் பெரிதாகக் குறையாமல் கைமாறுகின்றன. பாடப்புத்தகம் சொல்லும் மீட்சி மோதல் ஏறக்குறைய இதுதான். கோலிக்குப் பதில் ஒரே எடையுள்ள களிமண் உருண்டைகள் என்றால், இரண்டும் ஒட்டிக்கொண்டு பாதி வேகத்தில் நகரும். உந்தம் அப்போதும் குறையாது. ஆனால் இயக்க ஆற்றலில் சரிபாதி, மண்ணை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். இது மீட்சியற்ற மோதல்.

கார் எப்படி இருக்க வேண்டும்? களிமண்ணைப் போல என்றார் டெய்ம்லர்-பென்ஸ் பொறியாளர் பேலா பரேனி. ஆட்கள் அமரும் கூடு உறுதியாக இருக்கட்டும். முன்னும் பின்னும் நசுங்கட்டும் என்ற அவரது யோசனைக்கு 1952இல் காப்புரிமை கிடைத்தது. 1959இல் மெர்சிடிஸ் கார் அந்த அமைப்போடு சாலைக்கு வந்தது.

60 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதும் கார் 10 செ.மீ.க்குள் நின்றால், உள்ளே இருப்பவர் தன் எடையைப் போல 140 மடங்கு விசையைத் தாங்க வேண்டும். மூக்கு நசுங்கி 60 செ.மீ. இடம் கொடுத்தால் அது 24 மடங்காகிவிடும். உயிர் பிழைப்பது இந்த அரை மீட்டரில்தான். சீட் பெல்ட் போடாதவருக்கு அந்த இடமும் கிடையாது: கார் நின்றுவிடும், அவர் அதே வேகத்தில் போய் முன்னால் இருப்பதில் மோதுவார்.

2009இல் அமெரிக்காவில் 1959 மாடல் செவர்லே பெல் ஏர் காரையும் 2009 மாடல் மாலிபு காரையும் 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தார்கள். கனத்த இரும்பாலான பழைய காரின் கூடு, ஓட்டுநர் இடத்தில் வைத்த பொம்மை மீதே சரிந்தது. புதிய காரின் மூக்கு சிதைந்தது, கூடு நின்றது.

இவ்வளவு யோசித்துச் செய்த மூக்கின் முன்னால் நாம் பம்பர் கம்பியை மாட்டுகிறோம்! வண்டிக்குக் கீறல் விழக்கூடாதாம். நசுங்க வேண்டியதை நசுங்கவிடாமல், அடியை நேராக வண்டியின் சட்டகத்துக்கு அனுப்புகிறது அந்தக் கம்பி. குறுக்கே வரும் பாதசாரிக்கும் அது எமன். அதை மாட்டுவது சட்டவிரோதம், நடவடிக்கை எடுங்கள் என்று மாநிலங்களுக்கு மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே எழுதிவிட்டது.

உங்கள் காரில் இருந்தால், தயவுசெய்து இன்றே கழற்றிவிடுங்கள்.