நொதிக்க மறுத்த திராட்சைச் சாறு

சென்ற மார்கழியில் இங்கிலாந்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவன் எங்கள் கல்லூரியில் என்னிடம் இரசாயனம் பயின்று, பரீட்சையில் முதன்மை பெற்ற மாணவன். இப்பொழுது அங்கே ஒரு முதியவரின் இல்லத்தில் அறையொன்றை வாடகைக்குப் பெற்று வாழ்கின்றான். அம்முதியவர், வேண்டிய பொருள்கள் யாவும் அடங்கிய பெட்டியைக் கடையில் வாங்கி, ஆண்டுதோறும் வீட்டிலேயே திராட்சை மது தயாரிப்பவர். கையில் நடுக்கம் கண்டுவிட்டபடியால், இம்முறை அப்பணியை, "நீ இரசாயனம் படித்தவன் அல்லவா?" என்று கூறி என் மாணவனிடம் ஒப்படைத்திருக்கின்றார்.

அவனும் பெட்டியிலிருந்த செறிந்த சாற்றை நீருடன் கலந்து 23 லீற்றர் ஆக்கி, உலர்ந்த மதுவத்தைத் தூவி மூடினான். உள்ளே உண்டாகும் வாயு வெளியேறவும், வெளிக்காற்று உட்புகாதிருக்கவும், நீர் நிரப்பிய வளைகுழாய் ஒன்றை மூடியிற் பொருத்தினான். மூன்று நாட்கள் அக்குழாயில் குமிழிகள் எழுந்தன. நான்காம் நாள் அவை ஓய்ந்தன. "ஆசிரியர் அவர்களே, இன்னும் சிறிது சீனி சேர்க்கலாமா? பெரியவரின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கின்றது" என்று எழுதியிருந்தான்.

மது அருந்தும் வழக்கம் எனக்கில்லை. உரிமமின்றி அதனைத் தயாரித்தல் நம் நாட்டுச் சட்டத்துக்கு மாறானதுமாகும். ஆயினும், அவன் வினா என் உள்ளத்தைத் தைத்தது. குளுக்கோசு மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் பிரிகின்றது என்னும் சமன்பாட்டை நான் கரும்பலகையில் எழுதினேன். அவன் பிழையின்றி ஒப்புவித்தான். அச்சமன்பாட்டிலே மதுவத்துக்கு இடமில்லை. ஆதலால், நொதித்தல் நின்றவுடன், குறைந்தது சீனியே என்று எண்ணிவிட்டான். குறை அவனுடையதா, என்னுடையதா?

மதுவத்தை மறந்தவர்களுள் பேரறிஞரும் உண்டு. அது உயிருள்ளது என்பதை 1837ஆம் ஆண்டளவிலேயே சுவான் முதலியோர் எடுத்துக்காட்டினர். எனினும், ஜேர்மானிய இரசாயன மேதை லீபிக், நொதித்தல் உயிரின் செயலன்று, சிதையும் பொருளின் இரசாயன விளைவே என்று வாதித்தார்.

1856இல் பிரான்சின் லில் நகரில், பீற்றூட் சாற்றிலிருந்து மதுசாரம் எடுக்கும் பிகோ என்பவரின் தொழிற்சாலையில் நொதித்தல் பழுதுபடலாயிற்று. அவருடைய மகன் பயின்ற விஞ்ஞான பீடத்தின் தலைவராக அப்பொழுது இருந்தவர், 33 வயதினரான லூயி பாஸ்டர். உதவி கோரப்பட்ட பாஸ்டர், மருந்து எதனையும் உடனே கூறினாரல்லர். தொழிற்சாலைக்குப் பலமுறை சென்று, தொட்டிகளிலிருந்து எடுத்த துளிகளை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்கினார். நொதித்தல் செவ்வனே நடந்தபொழுது சிறு கோளங்கள் உருண்டையாக இருந்தன; பழுது தொடங்கியதும் நீண்டன. 1857இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சியில், மதுசாரத்துக்கு ஒரு நுண்ணுயிரும் இலத்திக்கமிலத்துக்கு வேறொரு நுண்ணுயிரும் காரணமாதல் புலனாயிற்று. பின்னர் 1897இல் எடுவாட் புக்னர், மதுவத்தைப் பிழிந்தெடுத்த சாறும் சீனியை நொதிக்கச் செய்யும் எனக் காட்டினார். அச்சாற்றிலுள்ள நொதியங்களே இங்கு தொழிற்படும் கருவிகள். எனினும், அக்கருவிகளை ஆக்குவது உயிருள்ள மதுவமே.

ஆகவே, என் மாணவனுக்குப் பின்வருமாறு எழுதினேன்:

"தம்பி, சீனியைத் தொடாதே. சீனி மிகுந்தால் மதுவம் மேலும் தளரும். முதலில், நொதித்தல் உண்மையாகவே நின்றதா என்று பார். மூடி சற்றுத் தளர்ந்திருப்பினும் வாயு வேறு வழியாகச் செல்லும். குழாயில் குமிழி தோன்றாது. குமிழியை நம்பாதே, நீரமானியை நம்பு. தொடக்கத்தில் ஏறக்குறைய 1.080 காட்டும் அக்கருவி, சீனி மதுசாரமாக மாற மாற இறங்கி, முடிவில் 0.995 அளவை அடையும். இரண்டு மூன்று நாட்கள் அளந்து பார். எண் இறங்குமாயின் எதுவும் செய்யாதே. 1.000க்குக் கீழே சென்று அசையாது நிற்குமாயின், வேலை முடிந்தது. இடைவழியில் நின்றாலே அது நோய்.

அப்பொழுது, ஓர் உயிரிடம் கேட்பதுபோற் கேள். குளிருகின்றதா? 20 முதல் 25 பாகை வரையான வெப்பநிலை அதற்கு இதமானது. கொதிநீரில் இட்டு அதனைக் கொன்றுவிட்டாயா? பசியா? சீனியோடு சிறிது நைதரசன் உணவும் அதற்கு வேண்டும். முடிவில் இடவேண்டிய, மதுவத்தை அடக்கும் பொட்டலத்தை முன்னரே இட்டுவிட்டாயா? இட்டிருந்தால், மீட்பது அரிது. புது மதுவம் வேண்டுமாயின், வெதுவெதுப்பான நீரில் அதனை எழுப்பி, நின்றுபோன சாற்றைச் சிறிது சிறிதாக அதனுடன் சேர்த்துப் பழக்கு. புளிக்காடி மணம் வீசினால் மருந்தில்லை, கொட்டிவிடு. நொதித்தல் முடியுமுன் போத்தலில் இறுக அடைக்காதே. வாயுவின் அழுக்கத்தால் கண்ணாடி வெடிக்கும்.

மார்கழிக் குளிரில் தோசை மா புளிக்கத் தாமதித்தால் உன் தாயார் என்ன செய்வார்? உழுந்தைக் கூட்டுவாரா? பாத்திரத்தை அடுப்பருகே நகர்த்தி வைப்பார் அல்லவா? நுண்ணுயிர் வேறாயினும் நியாயம் ஒன்றே."

மூன்று வாரங்களின் பின் மறுமொழி வந்தது. பாத்திரத்தைப் பின்கதவருகே கல் தரையில் வைத்திருந்தானாம். அங்கே வெப்பநிலை 12 பாகை, நீரமானி 1.040இல் நின்றது. சூடேற்றிய அறைக்கு அதனை மாற்றி, அடியிற் படிந்த மதுவம் எழும்படி மெல்லக் கலக்கிவிட்டான். இரண்டாம் நாள் எண் இறங்கத் தொடங்கி, இறுதியில் 0.994இல் நிலைத்தது. பெரியவர் அவனிடம், "உன் ஆசிரியரிடம் நன்றி சொல்" என்றாராம்.

நன்றி பெறத் தகுதியுடையவன் நானல்லேன். ஒரு துளியை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பொறுமையோடு நோக்கிய பாஸ்டரே அதற்கு உரியவர். நான் செய்தது ஒன்றே. இத்தவணையில் அச்சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதியபொழுது, அம்புக்குறியின் மேலே 'மதுவம்' என்னும் சொல்லையும் எழுதினேன். பின்னிருக்கை மாணவன் ஒருவன், "சேர், அது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டான். "வாழ்க்கைக்கு வரும்" என்றேன்.